ஐஸ் கம்பெனி மாடியில் ஆறுமூலைக் கண்ணாடி

வங்காள விரிகுடாவின் மீதும், அதில் நீந்துகிற, இனி நீந்தப்போகிற அத்தனை மத்தி மீன்களின் மீதும் ஆணையாகச் சொல்கிறேன்: நான் இப்போது எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். நீயும் நம்பமாட்டாய். கூடவே இருந்து எல்லாவற்றையும் பார்த்தவன் நீ. அப்படியும் நம்பமாட்டாய்.

இன்று காலை கம்பெனியில் கேஸ் கசிந்தது. பழைய குழாய், மூட்டு விட்டுவிட்டது. அம்மோனியா வாடை வீராம்பட்டினம் முழுவதும் பரவி, கடல் தாண்டி அந்தமானில் இருப்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். வேலையாட்கள் ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு வெளியே ஓடினார்கள். நான் ஓடவில்லை. வீரம் எல்லாம் ஒன்றுமில்லை. ஓட வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். மெக்கானிக் உள்ளே வந்து வால்வை மூடிவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"இன்னா மொதலாளி, அழுவுறீங்களா?"

"கேஸுடா."

உண்மையும் அதுதான். உன்னைப் புதைத்த அன்று என் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு நெல்லித்தோப்பில் உன் வீட்டுக்கு வந்தபோதும் வரவில்லை. உன் தங்கை பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "மாமா, ஒரு பொய் சொல்லுங்க மாமா" என்று கேட்டார்கள். வாயைத் திறந்தேன், ஒரு சின்னப் பொய்கூட வரவில்லை. ஐஸ் பாரை வெறுங்கையால் தூக்கினால் முதலில் வலிக்கும், பிறகு எரியும், அதற்குப் பிறகு கை நம்முடையதாகவே இருக்காது. அப்படித்தான் இருக்கிறேன். இன்று ஒரு குழாய் உடைந்துதான் கண் நனைந்தது.

அந்த வாடையோடு நீ வந்துவிட்டாய். பிரான்ஸில் வேலை முடிந்து ஊர் திரும்பிய வருடம், முதல்முறையாக என் கம்பெனிக்குள் காலை வைத்தவன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாய்: "மச்சான், நட்சத்திரத்துக்கு நடுவுல மேகம் மேகமா மெதக்குது பாரு, அதுலயும் இந்த அம்மோனியா இருக்குதுடா. கண்டுபுடிச்சிட்டோம். மானம் பூரா உன் ஐஸ் கம்பெனி நாத்தம்தான்."

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து பரீட்சையில் பேப்பரைக் காட்டாத பாவி, நாற்பது வருடம் கழித்து என் தொழிலுக்குக் கொடுத்த ஒரே மரியாதை அது. அன்றே போர்டு எழுதுகிறவனைக் கூப்பிட்டு 'அகில அண்ட ஐஸ் கம்பெனி' என்று மாற்றி எழுதச் சொன்னேன். அவன் முன்பணம் கேட்டான். விட்டுவிட்டேன்.

நீ சும்மா வரவில்லை. மாடி கேட்டு வந்தாய்.

உலகத்தின் பாதி நாடுகள் சேர்ந்து ஓர் ஆய்வகம் கட்டத் திட்டம் போடுவதாகவும், அதில் கண்ணாடி சம்பந்தப்பட்ட குழுவில் நீ இருப்பதாகவும் சொன்னாய். ஓய்வு பெற்ற பிறகும் உன்னை அவர்கள் விடவில்லை. நீயும் அவர்களை விடவில்லை.

"ஒரு டெலஸ்கோப்பு இல்லடா, ஒரு மந்தை. பெருசு, நடுத்தரம், சின்னது. மலை மேல, வனாந்தரத்துல, தொறந்த வெளியில நிக்கும்."

"எதைப் பாக்க?"

"காமாக் கதிரை. வெடிச்சுப்போன நட்சத்திரத்துலேர்ந்து வரும், கருந்துளை பக்கத்துலேர்ந்து வரும். ஆயிரக்கணக்கான வருஷம் வழியில எங்கயும் நிக்காம வரும். ஆனா தரைக்கு வராது. நம்ம தலைக்கு மேல காத்துல மோதி செத்துப்போவும்."

"வராத ஆளுக்கா இத்தினி நாடு கூடிப் பந்தல் போடுறீங்க?"

நீ சிரிக்கவில்லை. "அது சாவும்போது ஒரு நீல வெளிச்சம் கீழ விழும் மச்சான். கண்ணு இமைக்குற நேரத்துல கோடியில ஒரு பங்குதான் இருக்கும். அதைப் புடிக்கத்தான் கண்ணாடி."

இத்தனை பெரிய கண்ணாடிக்கு மேலே கூரை போட முடியாதாம். மழை, மணல், பறவை எச்சம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அது வருடக்கணக்கில் நிற்க வேண்டுமாம். நீ ஒரு புது மாதிரிக் கண்ணாடியை வடிவமைத்திருந்தாய். வேறு ஊர்களில் வேறு ஆட்களும் தங்கள் தங்கள் கண்ணாடியோடு போட்டிக்கு நின்றார்கள். எது தாக்குப்பிடிக்கும் என்று பார்த்து, எல்லா நாட்டுக்காரர்களும் கூடி ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள்.

"மலைக்குப் போற கண்ணாடிக்கு என் மாடி எதுக்கு?"

"உலகத்துலயே கெட்ட காத்து எங்க இருக்குன்னு யோசிச்சேன். உன் மாடிதான் ஞாபகம் வந்துது. உப்பு, ஈரம், அம்மோனியா, காக்கா. இங்க ரெண்டு மழைக்காலம் தாங்குச்சுன்னா அங்க இருவது வருஷம் தாங்கும்."

அப்படித்தான் அந்த ஆறுமூலைக் கண்ணாடி வந்தது. கையை விரித்து நிற்கும் ஆள் அகலம். நடுவில் கண்ணுக்குத் தெரியாத குழி. அதைத் தூக்க ஆயிரம் யானைகளும் ஒரு கிரேனும் தேவைப்பட்டன என்று நான் ஊரில் சொல்லிவைத்தேன். நாலு பேர் தூக்கினார்கள், அதில் ஒருவன் போனில் பேசிக்கொண்டே தூக்கினான்.

முதல் நாளே அது தன் புத்தியைக் காட்டியது. நீ ஸ்க்ரூ முடுக்கக் கீழே குனிந்த நேரத்தில் கண்ணாடி வெயிலை வாங்கி, குவித்து, முற்றத்தில் லாரிக்குக் காத்திருந்த ஐஸ் பாரில் ஓட்டை போட்டது. ஏழு பாரைத் துளைத்து, எட்டாவதில் உறைந்திருந்த வஞ்சிரத்தை வறுத்து, மசாலாவும் தடவிவிட்டது என்பது என் தரப்பு. ஒரு பாரில் கட்டைவிரல் ஆழத்துக்குக் குழி என்பது உன் தரப்பு. அலறியடித்துக்கொண்டு அதை வடக்குப் பக்கம் திருப்பினாய். ஐஸ் எடுக்க வந்த படகுக்காரர் ஒருவர் குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பாருக்கு வெலையில கொறைச்சுக்கோ" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு உன் கூட்டங்களும் இங்கேயே நடக்க ஆரம்பித்தன. நெல்லித்தோப்பில் கரண்ட் போய்விடும். கம்பெனியில் ஜெனரேட்டர் உண்டு. என் ஆபீஸ் ரூமில், மீன் காலண்டருக்குக் கீழே உட்கார்ந்து, லேப்டாப்பில் சர்வதேசக் குழுவோடு நீ பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் வாதாடுவாய். பின்னால் ஐஸ் உடைக்கிற மெஷின் கடகடவென்று ஓடும். "உங்கள் ஊரில் போர் நடக்கிறதா?" என்று ஒருவர் கேட்டாராம். நான் கதவிடுக்கில் தலையை நீட்டி, "ஆமா, நாங்கதான் ஜெயிக்கிறோம்னு சொல்லு" என்றேன். நீ அதை அப்படியே மொழிபெயர்த்தாய் என்று பிற்பாடு தெரிந்தது.

முழுநிலா நாட்களில் அந்த ஆய்வகத்துக்கு வேலை குறைவு, நிலா வெளிச்சத்தில் அந்த நீல ஒளி தெரியாது என்று ஒருநாள் சொன்னாய். நம் ஊர் படகுக்காரர்களில் பாதிப் பேருக்கும் அப்போது மீன் சரியாக விழாது. "அப்போ உங்க விஞ்ஞானிகளுக்கும் எங்க ஆளுங்களுக்கும் ஒரே நாள்லதான் லீவு. சேந்து சீட்டாடலாம்" என்றேன். உனக்கு அது பிடித்திருந்தது. அடுத்த கூட்டத்தில் அதையும் சொன்னாய்.

உன் ஒரே சட்டம்: கண்ணாடியை யாரும் தொடக்கூடாது. தூசி படியட்டும், காக்கை எச்சமிடட்டும், உப்பு பூக்கட்டும். மழைதான் கழுவ வேண்டும். துணி பட்டால் சோதனை கெட்டது.

இதையெல்லாம் மனிதர்களுக்குச் சொல்லிப் புரியவைக்கலாம். ஆயுத பூசைக்கு யார் சொல்வது? அன்று கம்பெனியில் கம்ப்ரஸரிலிருந்து எடைக்கல் வரை எல்லாம் குளித்து, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நிற்கும். முதல் வருடம் நீ காலையிலேயே வந்து மாடியில் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்துவிட்டாய். பொரியும் சுண்டலும் தட்டு தட்டாக உள்ளே போயின. என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு மாடி ஏறி வந்தாள்.

"அண்ணே, சின்னதா ஒரே ஒரு பொட்டு."

"வேணாம் தங்கச்சி."

"சைக்கிள் பம்புக்குக்கூட வெச்சுட்டு வந்தேன். உங்க கண்ணாடி மட்டும் மூளியா நிக்குது."

"அது நிக்க வேண்டிய கோலமே அதான்மா."

"நீங்க மாதாகோயிலுக்குப் போறவங்க, உங்களுக்கு வேணாம். கண்ணாடி இன்னா பாவம் பண்ணுச்சு?"

கடைசியில் நீ உன் நெற்றியைக் காட்டினாய். அதில் ஒரு பொட்டு வைத்துவிட்டு அவள் இறங்கிப்போனாள். அதோடு அப்படியே மாதாகோயிலுக்குப் போய், பாதிரியாரிடம் நீ என்ன சொன்னாய் என்பதை நான் ஐந்து விதமாக ஊரில் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் வருடம் ஆயுத பூசைக்கு நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். முதல் தடவை. எனக்கு அன்று உன் கட்டிலருகே வேலை. நான் திரும்பி வந்து மாடிக்குப் போனபோது ஆறுமூலைக் கண்ணாடியின் நடுவில், ரூபாய் நாணயம் அளவுக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். கீழே ஒரு எலுமிச்சம்பழம். ஒரு கற்பூரத் தட்டு.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்க?"

என் மனைவி எலுமிச்சம்பழத்தை நேராக நகர்த்தி வைத்தாள். "அண்ணன் அங்க கெடக்குறாரு. அவரு ஆயுதத்துக்குப் பூசை போடாம நான் எப்பிடிங்க உடுறது?"

எழுபத்திரண்டு நாடுகள், ஒன்பது வானமண்டலங்கள், ஒரு பொட்டு என்று அன்றைக்கே ஒரு கதை கட்டியிருக்கலாம். தோன்றவில்லை.

நீ வீட்டுக்கு வந்த மறுநாள் கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்றாய். படியேற இருவர் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு மழைக்காலம் முடியப்போகிற நேரம். அளந்து பார்க்க ஒரு பெண் எஞ்சினியர் பிரான்ஸிலிருந்து வந்துகொண்டிருந்தாள். நான் ஒரு நல்ல துணியை நனைத்துத் தயாராக வைத்திருந்தேன். சந்தனம் மழைக்கும் கரையாமல் காய்ந்து வெடித்திருந்தது. நீ அதன் முன்னால் வெகுநேரம் நின்றாய். கண்ணாடியில் உன் மெலிந்த முகம். சரியாக நெற்றியில் அந்தப் பொட்டு.

"பாருடா" என்றாய். "உன் பொண்டாட்டி என்னை மதம் மாத்திட்டா."

"தொடைச்சிரட்டுமா?"

"தொடாதே. காக்கா எச்சத்தைத் தொடைச்சியா? உப்பைத் தொடைச்சியா? இதுவும் இந்த ஊரு மழை வெயில் மாதிரிதான். இருக்கட்டும்."

என் மனைவி கதவோரம் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, பின்னால வெச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதா?"

நீ யோசித்தாய். அந்தக் கேள்வியை நாற்பது வருட ஆராய்ச்சியில் யாரும் கேட்டதில்லை போல. "பின்னால எவ்ளோ வேணா வை தங்கச்சி. வெளிச்சத்துக்கு முன்பக்கம்தான் வேணும்."

அந்தப் பிரெஞ்சு எஞ்சினியர் வந்தாள். கையடக்கக் கருவி ஒன்றை இடம் இடமாக வைத்து அளந்தாள். பொட்டுக்கு வந்ததும் நின்று, உன்னை ஏதோ கேட்டாள். நீ நாற்காலியில் உட்கார்ந்தபடி வெகுநேரம் பிரெஞ்சில் சொன்னாய். கீழிருந்து எட்டிப் பார்த்த வேலையாட்களுக்கு நான் மொழிபெயர்த்தேன்: "உலகத்துல எந்தக் கண்ணாடிக்கும் இந்த மரியாதை கெடைக்கலியாம். நம்ம கம்பெனிக்குப் பிரெஞ்சு சர்க்காரு பட்டம் குடுக்கப்போவுதாம். எல்லாரும் போய் மொகம் கழுவிட்டு வாங்க." ரெண்டு பேர் நிஜமாகவே போனார்கள்.

அவள் பொட்டைத் தானே மெதுவாகக் கழுவினாள். அடியில் ஒரு வட்டம் வெளுத்திருந்தது. சந்தனமோ, குங்குமத்தின் சுண்ணாம்போ, மேல்பூச்சைத் தின்றிருந்தது. மற்ற இடமெல்லாம், நீ சொன்னபடியே, தாங்கியிருந்தது. அவள் கிளம்பும்போது என் மனைவி ஒரு காகிதப் பொட்டலத்தில் குங்குமம் மடித்து அவள் கையில் வைத்து, கண்ணாடியின் பின்பக்கத்தைத் தட்டித் தட்டிக் காட்டினாள். "மெர்சி, மெர்சி" என்று அவள் வாங்கிக்கொண்டாள். இருவரும் அவரவர் பாஷையில் பேசிக்கொண்டே படியிறங்கினார்கள்.

முடிவெடுக்கும் கூட்டத்துக்கு முன் நீ மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாய். இந்தத் தடவை டாக்டர்கள் என்னிடம் தனியாகப் பேசினார்கள். உனக்கு இருந்த ஆசை ஒன்றுதான். அதை நீ வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த மலையில் உன் கண்ணாடி போய் நிற்க வேண்டும். நீ பார்க்கமாட்டாய், தெரியும். நிற்கும் என்று தெரிந்தால் போதும்.

தேர்வாகவில்லை. அவர்கள் போனில் உன்னிடமே சொல்லிவிட்டார்கள். நான் வந்தபோது நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய்.

"எடை அதிகமாம் மச்சான். அவங்க கண்ணாடி லேசு. நியாயம்தான்." கொஞ்சம் கழித்து: "பொட்டு காரணம் இல்ல. தங்கச்சிகிட்ட சொல்லிடு."

சொன்னேன். அவள் நம்பவில்லை. "அண்ணன் நல்லவரு, அப்பிடித்தான் சொல்லுவாரு" என்றாள். அதோடு அவள் மாடிக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். வடாம் காயப்போடக்கூட ஆள் அனுப்பினாள்.

பிறகு அந்த மத்தியானம். உன் தங்கை சாப்பிடப் போயிருந்தாள். ஜன்னலில் வேப்பமர நிழல். நீ கண்ணை மூடிக்கொண்டே கேட்டாய்.

"மச்சான், ஒரு பொய் சொல்லுடா. நல்லா பெருசா."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். கூட்டம் மறுபடியும் கூடிற்று. தப்பு பண்ணிவிட்டோம் என்று எல்லா நாட்டுக்காரர்களும் தலையில் அடித்துக்கொண்டார்கள். லேசான கண்ணாடி முதல் காற்றிலேயே பறந்து போய் நிலாவில் ஒட்டிக்கொண்டது. வீராம்பட்டினத்துக் கண்ணாடியைக் கொண்டுவா என்று பிரெஞ்சுக் கப்பற்படை புறப்பட்டது. நம் தேர்த்திருவிழாத் தேரில் வைத்து அதை மலைக்கு இழுத்தார்கள். வடம் பிடித்தவர்களில் பாதிப் பேர் விஞ்ஞானிகள், மீதிப் பேர் நம் படகுக்காரர்கள், அன்று முழுநிலா, எல்லாருக்கும் லீவு. நீ சத்தம் வராமல் சிரித்தாய். வயிறு வலித்தது போல, கையை அங்கே வைத்துக்கொண்டாய்.

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, மலை மேல மொத கண்ணாடியை மாட்டுறதுக்கு முன்னால, அந்த பிரெஞ்சு எஞ்சினியரம்மா அதைத் திருப்பி, பின்பக்கத்துல குங்குமப் பொட்டு வெச்சாங்க. நம்ம வூட்டுப் பொட்டலம்தான்."

நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். "எல்லாம் சரி மச்சான். தேரை நம்புறேன், கப்பலை நம்புறேன். அந்தப் பொட்டு மட்டும் ரொம்ப ஓவர்டா."

என் சட்டைப்பையில் போன் இருந்தது. கதை சொல்கிறவன் கடைசிச் சீட்டைக் கொஞ்சம் தாமதித்துத்தான் போடுவான். நீ இன்னும் ஒருதரம் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். சிரித்தபடியே தூங்கிப்போனாய். எழுப்பவில்லை. அதற்குப் பிறகு நீ யாரிடமும் பேசும்படி விழிக்கவில்லை.

கண்ணாடி இன்னும் மாடியில்தான் இருக்கிறது. திருப்பி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கேஸ் வாடை அடங்கிய பிறகு மேலே போய் அதன் முன் நின்றேன். அந்த வெளுத்த வட்டம் என் நெற்றிக்குச் சரியாக வந்தது. ஒன்றும் தோன்றவில்லை. குனிந்து, நிமிர்ந்து, மறுபடி நின்று பார்த்தேன்.

நீ போன மறுநாள் போனை என் மனைவியிடம் காட்டினேன். உனக்கு நான் அந்தப் பொய்யைச் சொன்ன நாள் காலையில்தான் அந்த எஞ்சினியர் அனுப்பியிருந்தாள்: மலை, கம்பிச் சட்டம், திருப்பி வைத்த ஓர் ஆறுமூலைக் கண்ணாடி, உன்னுடையது அல்ல, ஜெயித்தவர்களுடையது, அதன் முதுகில் கோணலாக ஒரு சிவப்புப் பொட்டு. 'அவர் இப்போதெல்லாம் போன் பார்ப்பதில்லை, நீங்கள் காட்டுங்கள்' என்று ஒரு வரி. என் மனைவி வெகுநேரம் பார்த்தாள். "பின்னாலதான் வெச்சிருக்கா" என்றாள். பிறகு சந்தனம் இழைக்கிற கல்லைக் கழுவி மாடிக்கு எடுத்துப் போனாள்.

தேர் பொய். கப்பல் பொய். நிலாவில் ஒட்டிக்கொண்டதும் பொய். நீ நம்பாத அந்தப் பொட்டு மட்டும் நிஜம்டா.